அரசன் இல்லாத பள்ளத்தாக்கு

ஐஸ்லாந்தின் திங்வெல்லிரில் ராஜாவும் போலீசும் சிறையும் இல்லாமல் 300 ஆண்டுகளுக்கு மேல் சட்டம் நடந்தது. அரசாங்கமே வேண்டாம் என்று வாதிடுபவர்கள் இன்றும் இந்த இடத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

ரெய்க்யாவிக் நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 45 கி.மீ. பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வழியில் மரம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. பாசி பிடித்த எரிமலைப் பாறைகள், பிடரி மயிர் காற்றில் பறக்க நிற்கும் குட்டைக் குதிரைகள், பிறகு திடீரென்று சாம்பல் நீலத்தில் ஒரு பெரிய ஏரி. பஸ் நிற்கும் மேட்டின் விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கோடையில் வற்றிய கண்மாயைப் பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சிதான். என்ன, இந்த வெடிப்புகளில் வந்த பஸ்ஸையே இறக்கி மறைத்துவிடலாம்.

வட அமெரிக்காவைத் தாங்கும் பூமித் தட்டும் ஐரோப்பாவைத் தாங்கும் தட்டும் ஐஸ்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. வீதம் விலகிக்கொண்டிருக்கின்றன. அந்த விலகல் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் ஒன்று திங்வெல்லிர். வருகிறவர்களில் பெரும்பாலோர் இதற்காகத்தான் வருகிறார்கள். ஒரு மணி நேரம் நடந்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்தபடியாக வெந்நீர் ஊற்றையும் குல்ஃபோஸ் அருவியையும் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். சில்ஃப்ரா என்ற வெடிப்பில் உறைநிலைக்குச் சற்றே மேலான தண்ணீரில், பிரத்தியேக உடை மாட்டிக்கொண்டு மூழ்கிப் பார்க்கும் தைரியசாலிகளும் உண்டு.

உலகில் ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் இந்தப் பள்ளத்தாக்கு வேறு காரணத்துக்காக முக்கியம். அவர்கள் தங்களை அனார்கோ-கேப்பிடலிஸ்டுகள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். தமிழில் அராஜக முதலாளித்துவவாதிகள் எனலாம். அராஜகம் என்றால் நமக்கு அடாவடி, ரவுடித்தனம் என்றுதான் காதில் விழுகிறது. ஆனால் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ராஜா இல்லாத நிலை. அந்தப் பொருளில் ஐஸ்லாந்து 930-லிருந்து 1262 வரை அசல் அராஜக நாடு. விந்தை என்னவென்றால், அது சட்டத்தின் மேல் பைத்தியமாக இருந்த நாடும்கூட.

பஸ்ஸையும் ரொட்டியையும் சந்தை தருவதுபோலப் போலீஸையும் நீதிமன்றத்தையும் சந்தையே தரட்டும் என்பதுதான் இவர்களது கொள்கையின் சாரம். வரி என்பது இவர்கள் அகராதியில் பகிரங்கக் கொள்ளை. அரசு என்பது கொள்ளைக்கு உரிமம் பெற்ற கோஷ்டி. 1849-லேயே பாரிஸில் குஸ்தாவ் த மொலினாரி என்ற பெல்ஜியப் பொருளியலாளர், பாதுகாப்பையும் போட்டி நிறுவனங்கள் விற்கலாம் என்று எழுதிவிட்டார். அதைக் கொள்கையாக வளர்த்து, பெயரும் வைத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த மரே ராத்பார்ட். அவர் 1995-ல் இறந்தபோது புத்தகப் புழுக்களைத் தாண்டி அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. 2023 டிசம்பரில் அர்ஜெண்டினாவின் அதிபராகப் பதவியேற்ற ஜேவியர் மிலேய், கொள்கையளவில் தானும் அனார்கோ-கேப்பிடலிஸ்டுதான் என்று சொல்லிக்கொண்டவர். தன் நாய்களில் ஒன்றுக்கு மரே என்றே பெயர் வைத்திருந்தார். அரசாங்கமே கூடாது என்பவர் அரசாங்கத்தின் தலைவர் ஆன கதை தனி.

திங்வெல்லிரை இவர்களது வரைபடத்தில் குறித்தவர் டேவிட் ஃப்ரீட்மன். 1955-ல் இந்திய நிதி அமைச்சகத்துக்கு ஆலோசனை சொல்ல டெல்லி வந்த மில்டன் ஃப்ரீட்மனின் மகன். தந்தை அரசைச் சுருக்கச் சொன்னார். மகன் மூட்டை கட்டவே சொன்னார். படித்தது இயற்பியல், பல்கலைக்கழகத்தில் கற்பித்தது சட்டமும் பொருளியலும், பொழுதுபோக்கு இடைக்கால உடையணிந்து வாள் சுழற்றுவது. 1979-ல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, பழைய ஐஸ்லாந்தின் அமைப்பைப் பார்த்தால், சந்தை எதுவரை அரசின் வேலையைச் செய்யும் என்று சோதிக்க ஒரு கிறுக்குப் பொருளியலாளர் உருவாக்கியதுபோல இருக்கிறது என்றது. அன்றிலிருந்து, "அரசு இல்லாமல் எங்கே நடந்திருக்கிறது, காட்டு பார்க்கலாம்" என்று யார் கேட்டாலும் இந்தக் கூட்டத்தின் விரல் இந்தத் திசையில் நீள்கிறது.

விரல் நீளும் இடத்துக்கே நடந்து போகலாம். அல்மன்னாகியா என்னும் பெரும் பிளவுக்குள் பாதை இறங்குகிறது. இருபுறமும் கறுத்த பாறைச் சுவர். அதன் கீழ்ச்சரிவில் ஒரு கொடிக்கம்பம். அதுதான் லோக்பெர்க், சட்டப் பாறை. அது இருந்த சரியான இடம் இதுதானா, சற்று மேலே பிளவுக்குள்ளேயா என்று அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு. எதுவானாலும், பின்னால் உள்ள பாறைச் சுவர் குரலைத் திருப்பி அனுப்ப, கீழே புல்வெளியில் நிற்கும் கூட்டத்துக்குப் பேச்சு எட்டியிருக்கும் என்பது அங்கே நின்றால் புரிகிறது.

ஜூன் மாதம், இரவிலும் முழுதாக இருட்டாத நாட்கள். நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து குதிரைகளில் வந்து இரண்டு வாரம் தங்குவார்கள். கல்லும் புல்கட்டியும் அடுக்கிய குட்டைச் சுவர்களின் மேல் கம்பளித் துணியை இழுத்துக் கட்டினால் வீடு. அந்தச் சுவர்களின் மிச்சம் இன்றும் புல்லுக்கடியில் மேடு மேடாகத் தெரிகிறது. கூட்டத்தின் பெயர் ஆல்திங். அதில் சம்பளம் வாங்கிய பதவி ஒன்றே ஒன்றுதான்: சட்டம் சொல்பவர். எழுத்தில் இல்லாத சட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்து, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காகப் பாறைமேல் நின்று அவர் ஒப்பிக்கவேண்டும். மூன்றாண்டுப் பதவிக்காலத்தில் ஒரு சுற்று முடியும். சம்பளமாகக் கம்பளித் துணி. 1117-18 குளிர்காலத்தில்தான் சட்டம் முதன்முதலாகத் தோலில் எழுதப்பட்டது.

சட்டமும் உண்டு, நீதிமன்றமும் உண்டு. தீர்ப்பை நிறைவேற்ற மட்டும் ஆள் இல்லை. போலீஸ் கிடையாது. அரசு வக்கீல் கிடையாது. கொலையே ஆனாலும் செத்தவனின் உறவினர்தான் வழக்குப் போடவேண்டும். ஜெயித்தால் நஷ்டஈடு. தராவிட்டால் பிரதிவாதி சட்டத்துக்குப் புறம்பானவன். அவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், கேள்வி கிடையாது. லேசான குற்றம் என்றால் மூன்றாண்டு நாடுகடத்தல். கொன்றவன் தன் செயலைப் பக்கத்து வீட்டில் போய் அறிவித்துவிடவேண்டும் என்பது ஒரு விதி. அறிவித்தால் அது கொலைவழக்கு, விலை பேசித் தீர்க்கலாம். மறைத்தால் ஈனச்செயல், மன்னிப்பில்லை. சாட்சி தேடும் செலவு மிச்சம்.

உடனே எழும் கேள்வி, ஏழையின் கதி என்ன என்பது. அடியாள் வைத்திருப்பவனிடம் அடி வாங்கியவன் எந்தப் பாறைமேல் நின்று கத்தினால் என்ன? ஃப்ரீட்மன் மெய்மறந்து பாராட்டுவது இதற்கு ஐஸ்லாந்துக்காரர்கள் கண்ட விடையைத்தான். வழக்கு என்பதும் ஒரு சொத்து. அதைக் கைமாற்றலாம். வலுவில்லாத விவசாயி தன் வழக்கை வலுவுள்ள ஒருவரிடம் ஒப்படைப்பார். அவர் வாதாடி, தீர்ப்பு வாங்கி, வசூலித்து, தனக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். சில சமயம் முழுவதையும். நம் ஊர்க்காரர் கட்டப் பஞ்சாயத்து என்று சொல்லிச் சிரிக்கக்கூடும். ஒரு வித்தியாசம் உண்டு. கட்டப் பஞ்சாயத்தில் தீர்ப்பும் வசூலும் ஒரே ஆள். இங்கே தீர்ப்பு ஊரறியப் புல்வெளியில்; வசூல் மட்டும் தனியார்.

அந்த வலுவுள்ளவர்களுக்கு கோதி என்று பெயர். கோத்திரத் தலைவன், பூசாரி, வக்கீல் மூன்றும் சேர்ந்த ஆசாமி. அவர் பதவிக்கு எல்லை கிடையாது. அவருக்கு ஜில்லா இல்லை, வாடிக்கையாளர்கள்தான். விவசாயி தனக்குப் பிடித்த கோதியோடு சேரலாம், பிடிக்காவிட்டால் விலகி, தன் பிராந்தியத்துக்குள்ளேயே இன்னொருவரிடம் போகலாம். கோதிப் பதவியை விற்கலாம், வாங்கலாம், மகனுக்கு எழுதி வைக்கலாம், இருவர் பங்கு போட்டுக்கொள்ளலாம். எம்.எல்.ஏ. பதவி பங்குச் சந்தையில் விலைபோவதாக நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரி.

கிராம மட்டத்தில் குறைந்தது 20 விவசாயிகள் சேர்ந்த ஹ்ரெப்பர் என்ற சங்கங்கள் இருந்தன. ஒருவர் வீடு எரிந்தாலோ, மாடுகளில் கால்பங்கு நோயில் செத்தாலோ, நஷ்டத்தில் பாதியை மற்றவர்கள் ஏற்பார்கள். 12-ம் நூற்றாண்டில், உலகின் கோடியில், கால்நடை இன்ஷூரன்ஸ்! அரசு எதுவும் செய்யாத இடத்தில் மனிதர்கள் சும்மா இருந்துவிடுவதில்லை என்பதற்கு, கொள்கைச் சண்டைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், இது நல்ல சாட்சி.

இதே பாறை அருகேதான் 1000-ம் ஆண்டு வாக்கில் நாடு இரண்டாகப் பிளக்க இருந்தது. கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்கள் ஒரு பக்கம். இனி உன் சட்டம் உனக்கு, என் சட்டம் எனக்கு என்று அறிவித்துவிட்டார்கள். சட்டம் சொல்லும் பதவியில் இருந்த தோர்கெய்ர் பழைய மதத்தவர். இரு தரப்பும் முடிவை அவரிடமே விட்டன. அவர் ஒரு பகல், ஓர் இரவு போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு படுத்தார். எழுந்து, சட்டத்தைப் பிளந்தால் அமைதியும் பிளந்துவிடும் என்று வாதாடி, எல்லோரும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்று தன் மதத்துக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார். குதிரை இறைச்சி தின்னலாம், ரகசியமாகப் பழைய பலி கொடுத்துக்கொள்ளலாம், வேண்டாத சிசுவை வெளியே போட்டுவிடலாம் என்று சில சலுகைகள். ஒரு துளி ரத்தமில்லாமல் நாடு மதம் மாறியது.

அரசற்ற தத்துவத்தின் ரசிகர்கள் இந்தக் கதையை விரும்பிச் சொல்கிறார்கள். அதில் உள்ள முள்ளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தோர்கெய்ரின் கட்சி, நாட்டுக்குச் சட்டம் ஒன்றே இருக்கவேண்டும் என்பது. போட்டிச் சட்டங்கள் வேண்டும் என்பது ராத்பார்ட் கட்சி. ஆல்திங்கின் சட்ட மன்றம் ஏகபோகம்தான். கோதிப் பதவிகளின் எண்ணிக்கையும் 965 வாக்கில் 39 என்று உறைந்துபோனது. இருக்கும் கடையை விலைக்கு வாங்கலாமே தவிர, நாற்பதாவதாகப் புதுக் கடை திறக்க வழியில்லை. இதை யாரும் சுதந்திரச் சந்தை என்று சொல்லமாட்டார்கள்.

சுதந்திரம் யாருக்கு என்பதும் கேட்கவேண்டியதுதான். சுமார் 1100-ல் ஆயர் கிசூர் எடுத்த கணக்கில், ஆல்திங்குக்குக் கட்டணம் செலுத்தத் தகுதி பெற்ற விவசாயிகள் ஏறத்தாழ 4,500 பேர்தான். பெண்கள் சொத்து வைத்திருக்கலாம், ஆனால் கோதியாக அமர முடியாது. நிலமில்லாதவர்கள் ஏதாவதொரு வீட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அடிமைகளும் இருந்தார்கள், பலர் அயர்லாந்திலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள்.

அடிமை என்றதும் இந்தப் புல்வெளியின் பத்திரக் கதை நினைவுக்கு வருகிறது. ஆல்திங் கூட இடம் தேடியபோது, இங்கே நிலம் வைத்திருந்தவன் ஓர் அடிமையைக் கொன்ற குற்றத்துக்கு ஆளாகியிருந்தான். கொல்லப்பட்டவன் விடுதலை பெற்ற அடிமை என்றும் சொல்வதுண்டு. கோல் என்பது பெயர். கொன்றவனின் நிலம் பறிக்கப்பட்டுப் பொதுச் சொத்தாக்கப்பட்டது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் அங்கே விறகு வெட்டிக்கொள்ளலாம், குதிரை மேய்த்துக்கொள்ளலாம். தனிச்சொத்தே புனிதம் என்பவர்களின் புண்ணிய பூமி, பறிமுதல் செய்த புறம்போக்கு.

எல்லாம் எப்படி முடிந்தது? இங்குதான் சண்டை சூடாகிறது. 1096 வாக்கில் தசமபாக வரி வந்தது. ஐஸ்லாந்தின் முதல் உண்மையான வரி. அதன் நான்கு பங்கில் ஒன்று ஆயருக்கு, ஒன்று ஏழைகளுக்கு, ஒன்று பாதிரியாருக்கு, ஒன்று கோயிலுக்கு. கோயில்கள் பெரும்பாலும் பெருந்தலைகளின் சொந்த நிலத்தில் இருந்தன. ஆக, கடைசி இரண்டு பங்கும் அவர்கள் பெட்டிக்கே போயின. வாடிக்கையாளர் விலகிப் போனாலும் நிற்காத வருமானம். அந்தப் பணம் அண்டை கோதியின் பதவியை வாங்க உதவியது. 13-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாப் பதவிகளும் ஐந்தாறு குடும்பங்களின் கையில். விவசாயிக்குப் போக வேறு கடை இல்லை.

பிறகு ரத்தம். 1238 ஆகஸ்டில் ஓர்லிக்ஸ்ஸ்டாதிரில் சுமார் 3,000 பேர் மோதினார்கள். 1246-ல் ஹௌக்ஸ்னெஸில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நார்வே மன்னர் ஹாகோன் ஒவ்வொரு தலைவனையும் தனித்தனியே தன் ஆளாக்கிக்கொண்டிருந்தார். இரண்டு முறை சட்டம் சொல்பவராக இருந்தவரும், பெரும் சரித்திர ஆசிரியருமான ஸ்னோரி ஸ்டுர்லூசன், 1241 செப்டம்பரில் தன் வீட்டு நிலவறையில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆட்களோடு வந்தவர் அவருடைய முன்னாள் மருமகன் கிசூர் தோர்வால்ட்ஸன்.

கிசூருக்கும் முறை வந்தது. 1253-ல் ஃப்ளூகுமிரியில் அவர் மகனின் கல்யாண விருந்து முடிந்த இரவில் எதிரிகள் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். மனைவியும் மூன்று மகன்களும் இறந்தார்கள். கிசூர் மட்டும் புளித்த மோர்த்தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு மூழ்கி, குளிரில் நடுங்கிக்கொண்டே உயிர் தப்பினார். ஐந்தாண்டு கழித்து ஹாகோன் மன்னர் அவரை ஐஸ்லாந்தின் பிரபுவாக்கினார். 1262-ல் இதே ஆல்திங்கில், ராஜாவுக்கு வரி கட்டவும் விசுவாசமாக இருக்கவும் தலைவர்களும் விவசாயிகளும் சத்தியம் செய்தபோது, ஏற்பாடு செய்து முன்னால் நின்றவர் அந்தக் கிசூர்தான். தகுதியுள்ள விவசாயி தலைக்கு 20 முழம் கம்பளித் துணி வரி. பதிலுக்கு, ஆறு கப்பல்களும் அமைதியும். 1264-க்குள் மொத்த நாடும் ஒப்புக்கொண்டது.

ஃப்ரீட்மன் இதைத் தோல்வி என்று ஒப்புக்கொள்வதில்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் தாங்கமுடியாத கலகம் என்று நினைத்த அந்த ஐம்பது ஆண்டுகளின் சாவுக் கணக்கை மக்கள்தொகையால் வகுத்தால், தற்கால அமெரிக்காவின் சாதாரணக் கொலை விகிதம்தான் வருகிறது என்பது அவர் கணக்கு. கெடுத்தது சந்தையல்ல, தசமபாகம் என்ற வரியும் நார்வே மன்னரும்தான் என்கிறார்கள் அவர் வழி வந்தவர்கள். எதிர்த்தரப்புக்கு ஹார்வர்டின் ராபர்ட் நோசிக் கைகொடுக்கிறார். 1974-ல் வந்த அவரது நூலின் வாதம் பொதுவானது: பாதுகாப்பு விற்கும் நிறுவனங்கள் போட்டி போட்டால், கடைசியில் ஒன்று மற்றதையெல்லாம் விழுங்கி, யாரும் திட்டமிடாமலே அரசாகிவிடும்.

இரண்டில் நோசிக்கின் பக்கம் சாயத் தோன்றுகிறது. தசமபாகம் நெருப்பில் ஊற்றிய நெய். ஆனால் விறகு முன்பே அடுக்கியிருந்தது. விற்க முடிந்த பதவி, வாங்க முடிந்தவனிடம்தான் போய்ச் சேரும்; எண்ணிக்கை 39-ஐத் தாண்டாது என்றால் சீக்கிரமே சேரும். ஃப்ரீட்மனின் சராசரிக் கணக்கும் மோர்த்தொட்டிக்குள் இருந்தவனுக்கு ஆறுதல் தந்திருக்காது.

ஆனாலும் சட்டப் பாறையோடு திரும்பிவிடக்கூடாது. வடக்கே சில நிமிடம் நடந்தால், ஒக்ஸாரா ஆறு பிளவிலிருந்து வெளியே விழும் இடத்தில் சிறு பாலம். அதன் அடியில் கறுப்பாக, அமைதியாக ஒரு மடு. ட்ரெக்கிங்கார்ஹிலூர், மூழ்கடிக்கும் மடு. ராஜா வந்து மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, டேனிஷ் ஆட்சியில், 1564-ல் பெருந்தீர்ப்பு என்ற ஒழுக்கச் சட்டம் அமலானது. முறைகேடான உறவுக்கும், கல்யாணமாகாமல் பெற்ற சிசுவைக் கொன்ற குற்றத்துக்கும் மரணம். ஆண்களுக்குத் தலைவெட்டு. பெண்களை இந்த மடுவில் தள்ளி மூழ்கடித்தார்கள். இங்கே 18 பெண்கள் அப்படி இறந்தார்கள் என்று தெரிகிறது. சற்றுத் தள்ளி, 17-ம் நூற்றாண்டில் சூனியக்காரர்களை எரித்த பிளவும் உண்டு. எரிந்தவர்கள் ஐஸ்லாந்தில் பெரும்பாலும் ஆண்கள். தூக்குப் பாறை இன்னொரு பக்கம்.

அரசனற்ற மூன்று நூற்றாண்டுகளில் பழிக்குப் பழி கொலைகள் எத்தனையோ நடந்தன. வீடுகள் எரிந்தன. சிசுக்கள் பனியில் போடப்பட்டன. ஆனால் சம்பளத்துக்குக் கொல்லும் ஆள் என்று ஒருவன் இந்தப் புல்வெளியில் இருந்ததில்லை. அவன் ராஜாவின் சட்டத்தோடு வந்தவன். அரசு வேண்டாம் என்பவர்களுக்குச் சட்டப் பாறையைவிட இந்த மடுதான் வலுவான சாட்சி. அவர்கள் ஏனோ இதைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை. மடுவின் அருகே ஒரு பலகை இருக்கிறது. படித்துவிட்டுச் சிலர் தொப்பியைக் கழற்றுகிறார்கள். பலர் அருவிச் சத்தத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டபடி கடந்துவிடுகிறார்கள்.

ஆல்திங் இங்கே 1798 வரை கூடியது, பெரும்பகுதி பேருக்குத்தான். 1800-ல் கலைக்கப்பட்டு, 1840-களில் ரெய்க்யாவிக்கில் மறுபடி உயிர் பெற்றது. டென்மார்க்கிடமிருந்து முழுதும் பிரிந்து குடியரசு அறிவிக்க 1944 ஜூன் 17-ல் மக்கள் திரும்பி வந்தது இந்தப் புல்வெளிக்குத்தான். கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கானவர்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். இன்றைய ஐஸ்லாந்தில் வரி கனம், வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமும் பள்ளியும் உண்டு. ராத்பார்ட் பார்த்தால் முகம் சுளித்திருப்பார்.

இந்த நிலத்துக்கென்றே 1928-ல் ஒரு சட்டம் போட்டார்கள். திங்வெல்லிர் எல்லா ஐஸ்லாந்தியர்களுக்கும் உரிய புனிதத் தலம், தேசத்தின் நிரந்தரச் சொத்து, இதை ஒருபோதும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்கிறது அது. 1930-ல், ஆல்திங்கின் ஆயிரமாவது ஆண்டில், தேசியப் பூங்கா ஆனது. 2004-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நடக்கக் கட்டணம் இல்லை. வண்டி நிறுத்தத்தான் காசு. அதை வசூலிப்பது அரசின் பூங்கா நிர்வாகம்.